அழிந்த உலகங்களும் அழியாத நினைவும்: ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ வரைகதைத் தொடரும் வாசகர் எதிர்வினையின் வரலாறும்

அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் நிறுவனம் ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ என்னும் தொடரை 12 இதழ்களாக வெளியிட்டது. அட்டையில் அச்சிடப்பட்ட மாதங்களின்படி அதன் காலம் 1985 ஏப்ரல் முதல் 1986 மார்ச் வரையாகும். மார்வ் வுல்ஃப்மன் எழுத, ஜார்ஜ் பெரேஸ் வரைந்தார். நிறுவனத்தின் ஏறத்தாழ எல்லாச் சூப்பர் ஹீரோக்களும் ஒரே கதையில் கூடும் கிராஸ்ஓவர் வகையைச் சேர்ந்தது அது. கதையின் சுருக்கம் எளியது. எண்ணற்ற இணை உலகங்களை ஆன்டி-மானிட்டர் என்னும் பகைவன் ஒவ்வொன்றாக விழுங்குகிறான். இறுதியில் ஓர் உலகம் மட்டுமே எஞ்சுகிறது. எஞ்சிய அந்த உலகில் வாழ்வோருக்கு, வேறு உலகங்கள் இருந்தன என்பதே நினைவில் இல்லை.

இத்தொடரின் கதையமைப்பு, ஓவியம், வணிக விளைவு ஆகியவை குறித்து ஆங்கிலத்தில் நிறைய எழுதப்பட்டுள்ளன. இக்கட்டுரையின் அக்கறை வேறு. கதைமாந்தர் மறந்தனர், வாசகர் மறக்கவில்லை. 24 ஆண்டுகளாகத் தாம் வாங்கிப் படித்துச் சேர்த்துவைத்த நிகழ்வுகள் ‘நடக்கவே இல்லை’ என்று ஒரு நிறுவனம் அறிவிக்கும்போது, அவற்றை நினைவில் வைத்திருப்பவரின் நிலை என்ன? இக்கேள்விக்கு வாசகர்கள் ஒரு விடை கூறினர். நிறுவனத்தின் எழுத்தாளர்கள் பின்வந்த 20 ஆண்டுகளில் கதைகளின் வழியாகவே வேறொரு விடை கூறினர். அவ்விரு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இங்கு நோக்கமாகும்.

தொடக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை தேவை. வாசகர் எதிர்வினைக்கான முதன்மைச் சான்றாக ஆய்வாளர் கையாள்வது இதழ்களின் கடிதப் பகுதிகளையே. ஆனால் அங்கு அச்சானவை இதழாசிரியர் தேர்ந்த கடிதங்கள். சுருக்கப்பட்டவை, சில வேளைகளில் மறுமொழிக்கு வசதியாக வெட்டப்பட்டவை. ஆகவே கடிதப் பகுதியை வாசகரின் குரல் என்று கொள்வதைவிட, வாசகரும் நிறுவனமும் சேர்ந்து நடத்திய உரையாடலின் ஒரு பக்கம் என்று கொள்வதே பொருத்தம். கடிதங்களோடு ரசிகர்களே நடத்திய சிற்றிதழ்கள், வாசகராயிருந்து எழுத்தாளரானோரின் கூற்றுகள், கதைகளுக்குள் வாசகரை ஒத்த பாத்திரங்கள் படைக்கப்பட்ட விதம் ஆகியவற்றையும் சான்றாகக் கொள்ள வேண்டியுள்ளது.

முகவரிகள் அச்சான காலம்

1940களில் டிசியின் ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ இதழில் ஜஸ்டிஸ் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா என்னும் நாயகர் குழு தோன்றியது. போருக்குப் பிறகு இவ்வகைக் கதைகளின் செல்வாக்குக் குன்றியதால், 1951இல் குழு மறைந்து, இதழ் கௌபாய் கதைகளுக்கு மாறிற்று. 1956இல் இதழாசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸின் மேற்பார்வையில் ஃபிளாஷ் என்னும் பழைய பெயரில் ஒரு புதிய நாயகன் உருவானான். பேரி ஆலன் என்னும் இவ்விளைஞன் தனக்கு ஃபிளாஷ் என்று பெயர் சூட்டிக்கொண்டதற்குக் காரணம், பழைய ஃபிளாஷாகிய ஜே கேரிக்கின் கதைகளை அவன் வரைகதை இதழ்களில் படித்திருந்ததே. அதாவது, புத்துயிர் பெற்ற சூப்பர் ஹீரோ யுகத்தின் முதல் நாயகன் ஒரு வரைகதை வாசகன். இச்செய்தி பின்னால் நமக்குத் தேவைப்படும்.

1961 செப்டம்பர் தேதியிட்ட ‘தி ஃபிளாஷ்’ 123ஆம் இதழில், பேரி ஆலன் ஜே கேரிக்கை நேரில் சந்திக்கிறான். கார்ட்னர் ஃபாக்ஸ் எழுதி, கார்மைன் இன்ஃபான்டினோ வரைந்த இக்கதை, பழைய நாயகர் வேறோர் உலகில் வாழ்கின்றனர் என்று விளக்கியது. பழையோரின் உலகம் பின்னர் எர்த்-டூ என்றும் புதியோரின் உலகம் எர்த்-ஒன் என்றும் பெயர் பெற்றன. முன்னதாகத் தோன்றியது இரண்டாம் எண்ணையும் பின்னதாகத் தோன்றியது முதல் எண்ணையும் பெற்றது விந்தைதான். ஆனால் அந்த விந்தையை விளக்கத் தெரிந்திருப்பதே ரசிகர் என்பதற்கான அடையாளமாயிற்று. 1963 முதல் இரு உலகக் குழுக்களும் ஆண்டுதோறும் சந்திக்கும் வழக்கம் உருவானது. அச்சந்திப்புகள் பலவற்றின் தலைப்பில் ‘கிரைசிஸ்’ என்னும் சொல் இடம்பெற்றது. 1985ஆம் ஆண்டுத் தொடரின் பெயர் அம்மரபின் எதிரொலியே.

இதே 1961இல் வேறிரு நிகழ்வுகள் நடந்தன. ஒன்று, ஷ்வார்ட்ஸ் தம் இதழ்களின் கடிதப் பகுதியில் எழுதியவரின் முழு முகவரியையும் அச்சிடத் தொடங்கினார். அவரே 1932இல் அறிவியல் புனைகதை ரசிகர்களின் தொடக்ககாலச் சிற்றிதழ்களுள் ஒன்றான ‘தி டைம் டிராவலர்’ இதழை நண்பர்களுடன் நடத்தியவர். முகவரி அச்சானால் என்ன நடக்கும் என்பதை அறிந்தவர். மற்றொன்று, டெட்ராய்ட்டைச் சேர்ந்த பல்கலைக்கழக ஆசிரியர் ஜெர்ரி பெய்ல்ஸ், மிசௌரி மாநிலத்து இளைஞர் ராய் தாமஸின் துணையோடு ‘ஆல்ட்டர் ஈகோ’ என்னும் ரசிகர் இதழைத் தொடங்கினார். இருவரையும் இணைத்தது பழைய ஜஸ்டிஸ் சொசைட்டி மீதான பற்று. பழைய ‘ஆல் ஸ்டார்’ இதழ்களைத் தேடி ஃபாக்ஸுக்குத் தாமஸ் எழுதியபோது, அவை பெய்ல்ஸிடம் போய்ச் சேர்ந்துவிட்டன என்ற பதிலே அவர்களின் அறிமுகத்துக்கு வழிவகுத்தது. தொலைந்த நாயகரை மீட்குமாறு இவர்களைப் போன்றோர் விடாது எழுதிவந்தனர். அக்கோரிக்கைகளுக்கு ஷ்வார்ட்ஸ் செவிசாய்த்தார். எனவே இணை உலகங்கள் நிறுவனம் வாசகர் மீது சுமத்திய சிக்கல் அல்ல. பழையதை இழக்க மறுத்த வாசகருக்கு அளிக்கப்பட்ட இடமே எர்த்-டூ.

ஒரு வாசகரின் கேள்வி

உலகங்கள் பெருகின. நாயகர் தீயோராய்த் திரியும் எர்த்-த்ரீ தோன்றியது. பிற நிறுவனங்களின் பாத்திரங்களை டிசி தன்வசப்படுத்தியபோது, அவற்றுக்கும் எர்த்-எக்ஸ், எர்த்-எஸ் எனத் தனி உலகங்கள் ஒதுக்கப்பட்டன. வாசகர் வாழும் உலகமே எர்த்-பிரைம் என்னும் பெயரில் இப்பட்டியலில் சேர்ந்தது. அங்குச் சூப்பர் ஹீரோக்கள் வரைகதைகளில் மட்டுமே உள்ளனர்.

1980களின் தொடக்கத்தில் ‘கிரீன் லேன்டர்ன்’ இதழுக்கு வாசகர் ஒருவர் எழுதினார். ஒரு கதையில் ஒரு பாத்திரம் கிரீன் லேன்டர்னை அறியாததுபோல் நடந்துகொள்கிறதே, இருவரும் சில ஆண்டுகளுக்கு முன்பு வேறோர் இதழில் சேர்ந்து செயல்பட்டவராயிற்றே என்பது அவர் வினா. இதழாசிரியராயிருந்த வுல்ஃப்மன், எது டிசி உலகத்துக்கு உட்பட்டது, எது புறம்பானது என்பதை நிறுவனம் ஒருநாள் நேர்செய்யும் என்ற பொருளில் விடையளித்தார். அவ்விடையை எழுதியபின் அதைத் தாமே செய்தாலென்ன என்று தோன்றியதாகத் தொகுப்பு நூலின் முன்னுரையில் அவர் குறிப்பிட்டுள்ளார். பல உலகங்களைத் தோற்றுவித்ததில் வாசகர் கடிதங்களுக்குப் பங்கிருந்தது போலவே, அவற்றை அழிக்கும் திட்டத்தின் தொடக்கத்திலும் ஒரு வாசகர் கடிதம் இருக்கிறது.

வுல்ஃப்மனும் வாசகர் வட்டத்திலிருந்து வந்தவரே. இளமையில் ரசிகர் இதழ்கள் நடத்தியவர். பழைய இதழ்கள் அனைத்தையும் படித்துக் குறிப்பெடுக்கும் பணிக்கு நிறுவனம் பீட்டர் சாண்டர்சனை அமர்த்தியது. அப்பணி நீண்டதும் தொடர் தாமதமானதற்கு ஒரு காரணம். தாமதத்தில் ஒரு வசதியும் இருந்தது: 1935இல் தொடங்கிய நிறுவனத்தின் பொன்விழா ஆண்டாக 1985 அமைந்தது.

ஆயினும் ஒரு கடிதம் மட்டுமே இத்தகைய முடிவுக்குக் காரணமாகிவிடாது. 1973க்குப் பின் அமெரிக்க வரைகதை விற்பனையின் அமைப்பே மாறிக்கொண்டிருந்தது. முன்பு பெட்டிக்கடைகளிலும் மருந்துக்கடைகளிலும் விற்ற இதழ்கள், விற்காவிடில் நிறுவனத்துக்குத் திரும்பி வந்தன. வரைகதைக்கென்றே தோன்றிய சிறப்புக் கடைகளோ இதழ்களைத் திருப்பித்தர இயலாத நிபந்தனையில் கூடுதல் தள்ளுபடிக்கு வாங்கின. அக்கடைகளுக்குச் சென்றவர் போகிறபோக்கில் ஓர் இதழை எடுத்துப் புரட்டும் சிறுவர் அல்லர். மாதந்தவறாமல் வாங்கி, பழைய இதழ்களைத் தேடிச் சேர்த்து, முரண்களைக் கணக்கில் வைக்கும் பதின்பருவத்தினரும் இளைஞருமாவர். அவர்களுக்குத் தொடர்ச்சி என்பது கதையின் துணைப்பொருள் அன்று, கதையே அதுதான். போட்டி நிறுவனமான மார்வல், பொம்மை நிறுவனமான மேட்டலுடன் இணைந்து 1984இல் தொடங்கிய ‘சீக்ரெட் வார்ஸ்’ என்னும் 12 இதழ்த் தொடர் பெருவெற்றி பெற்றிருந்தது. அதைப் பொம்மை விளம்பரம் என்று ஏளனம் செய்த வாசகரும் வாங்கத் தவறவில்லை. மார்வலின் கதைகள் அனைத்தும் ஒரே உலகில் நிகழ்வன. டிசியின் இணை உலகங்கள் புதிய வாசகரை அச்சுறுத்துகின்றன என்னும் எண்ணம் நிறுவனத்துக்குள் வலுப்பெற இதுவும் ஒரு காரணம். அச்சம் உண்மையில் எவ்வளவு பரவலானது என்பது வேறு செய்தி. எர்த்-டூ என்றால் என்ன என்பதைப் பத்து வயதுச் சிறுவர் 20 ஆண்டுகளாக ஒரு படக்கட்டத்தில் புரிந்துகொண்டே வந்தனர்.

சிவந்த வானமும் இரு மரணங்களும்

தொடர் வெளிவந்த மாதங்களில் வாசகரிடையே கிளர்ச்சி பெரிதாயிருந்தது. பெரேஸின் ஒவ்வொரு பக்கத்திலும் நெருங்கி நின்ற நூற்றுக்கணக்கான உருவங்களில் யார் யார் என்று இனங்காண்பதே ஒரு பொழுதுபோக்காயிற்று. ரசிகர் இதழாகிய ‘அமேசிங் ஹீரோஸ்’ நடத்திய கிர்பி விருதுகளில் 1985, 1986 ஆகிய இரு ஆண்டுகளிலும் சிறந்த குறுந்தொடராக இது தேர்வு பெற்றது. அவ்விருதுக்கு வாக்களித்தோர் துறையைச் சார்ந்தோர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மறுபுறம், பிற இதழ்களின் அட்டையில் கிரைசிஸ் தொடர்பு அறிவிக்கப்பட்டிருந்தும், உள்ளே வானம் சிவப்பாய் இருப்பதை யாரோ ஒருவர் வியந்து கூறுவதோடு அத்தொடர்பு முடிந்துவிட்டதைக் கண்டு வாசகர் எரிச்சலுற்றனர். பெயரளவில் மட்டும் பெருங்கதையோடு ஒட்டும் இதழைச் ‘சிவந்த வான’ இதழ் என்று குறிக்கும் வழக்கு ரசிகர் பேச்சில் இன்றளவும் உள்ளது. ஒரு விற்பனை உத்தியை வாசகர் அடையாளங்கண்டு பெயரிட்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

7ஆம் இதழில் சூப்பர்கேர்ள் இறந்தாள். 8ஆம் இதழில் ஃபிளாஷ் ஆகிய பேரி ஆலன் இறந்தான். சூப்பர்மேன் தன் ஒன்றுவிட்ட தங்கை காராவின் உடலைக் கைகளில் ஏந்தி அழும் 7ஆம் இதழின் அட்டை, பின்னர் எண்ணற்ற அட்டைகளுக்கு முன்மாதிரியாயிற்று. 1959இல் அறிமுகமான காராவின் தனி இதழ் 1984இலேயே நிறுத்தப்பட்டிருந்தது. அவ்வாண்டு வெளிவந்த திரைப்படமும் தோற்றது. சூப்பர்மேன் தன் கோளின் ஒரே எச்சமாயிருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விருப்பம். பேரி ஆலனின் இதழும் 350ஆம் எண்ணோடு 1985இல் முடிந்தது. நிறுவனத்தின் கணக்கில் இவ்விருவரும் இழக்கத்தக்கவர். ஆனால் ஒரு பாத்திரத்தின் இதழை மாதந்தோறும் வாங்குவதும், அது இவ்வுலகில் இருக்கிறது என்ற உறுதியோடு வாழ்வதும் வாசகருக்கு ஒன்றல்ல. வாங்காமல் விட்டவருள்ளும் துயருற்றோர் இருந்தனர். விற்பனைப் பட்டியல் காட்டாத இப்பற்றை நிறுவனம் அறிந்துகொண்டது மரணத்துக்குப் பிறகுதான்.

இரு மரணங்களுக்கும் ஒரு வேறுபாடுண்டு. பேரி ஆலன் இறந்ததைக் கதை உலகம் நினைவில் வைத்தது. அவனுடைய மருமகன் முறையாகும் வாலி வெஸ்ட் அவன் உடையை அணிந்தான். காராவுக்கு அதுவும் இல்லை. ஜான் பிர்ன் 1986இல் சூப்பர்மேன் வரலாற்றைப் புதிதாகத் தொடங்கியதும், காரா என்றொருத்தி பிறக்கவே இல்லை என்றாயிற்று. தம்முயிரைக் கொடுத்தவளுக்காக அழுவதற்குக் கதையில் ஒருவரும் எஞ்சவில்லை. வாசகர் கடிதங்களில் மரணத்தைவிட இம்மறதியே ஆறாத குறையாக நின்றது என்பது என் கருத்து.

இடமிழந்தோர்

கிரைசிஸுக்குப்பின் எல்லா இதழ்களையும் முதல் எண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்று வுல்ஃப்மன் முன்மொழிந்தார். நிறுவனம் ஏற்கவில்லை. சூப்பர்மேனும் வொண்டர் உமனும் புதிதாய்ப் பிறந்தனர். பேட்மேனின் கடந்தகாலம் பகுதி மாறிற்று. மற்றவர் பலர் பழைய நினைவுகளோடு அப்படியே தொடர்ந்தனர். முரண்களை ஒழிக்க வந்த தொடர், முன்னிலும் கடினமான முரண்களைத் தந்தது. முன்பு முரணைக் கண்ட வாசகர் ‘அது எர்த்-டூவில் நடந்திருக்கும்’ என்று தேறிக்கொள்ள முடிந்தது. இப்போது அவ்வழியும் அடைபட்டது.

மிக நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் ராய் தாமஸ். ‘ஆல்ட்டர் ஈகோ’ இளைஞர் இதற்குள் புகழ்பெற்ற எழுத்தாளராகியிருந்தார். 1981 முதல் ‘ஆல்-ஸ்டார் ஸ்குவாட்ரன்’ என்னும் இதழில், எர்த்-டூ நாயகரை இரண்டாம் உலகப்போர்ப் பின்னணியில் எழுதிவந்தார். 1940களின் பழைய இதழ்களில் சிதறிக் கிடந்த செய்திகளை ஒன்றோடொன்று பொருத்தி ஒரு வரலாறாக்குவதே அவ்விதழின் முறை. ஒரு ரசிகர் தம் வாழ்நாள் வாசிப்பைத் தொழிலாக மாற்றிக்கொண்டார் எனலாம். கிரைசிஸின் முடிவில் எர்த்-டூவின் சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் உமன் எவரும் இருந்ததில்லை என்றானபோது, அவருடைய வரலாற்றின் நடுத்தூண்கள் உருவப்பட்டன. இதழ் 1987இல் நின்றது; மறைந்தோர் இடத்தில் புது நாயகரை வைத்து ‘யங் ஆல்-ஸ்டார்ஸ்’ தொடங்கிற்று. பேட்மேனின் மகளாகிய ஹன்ட்ரஸ் 12ஆம் இதழிலேயே கொல்லப்பட்டாள். எர்த்-டூ சூப்பர்மேனின் தங்கையாகிய பவர் கேர்ள் உயிர்தப்பினாள். ஆனால் தங்கை என்று சொல்லிக்கொள்ள அண்ணன் இல்லாமையால், அவளைப் பண்டைய அட்லாண்டிஸ் நாட்டவள் என்று 1987இல் அறிவித்தனர். இவ்விளக்கத்தை வாசகர் மனமொப்பி ஏற்றதேயில்லை.

‘லீஜன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ்’ வாசகரின் நிலை இதினும் சிக்கலானது. 30ஆம் நூற்றாண்டின் இளைஞர் குழுவான லீஜன், சூப்பர்பாயைத் தன் ஊக்கமாகக் கொண்டு தோன்றியது. பிர்னின் புதிய வரலாற்றில் சூப்பர்மேன் சிறுவனாக இருந்தபோது சூப்பர்பாயாக விளங்கவில்லை. எனவே லீஜனின் தோற்றத்துக்கே காரணம் இல்லாமற் போயிற்று. இவ்விதழின் வாசகர் சாதாரணமானவர் அல்லர். லீஜனின் தலைவரை அஞ்சல் வாக்கு மூலம் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு நெடுங்காலம் இருந்தது. 1976 முதல் ‘இன்டர்லாக்’ என்னும் கூட்டுச் சிற்றிதழைத் தமக்குள் சுற்றுக்கு விட்டுக்கொண்டனர். இதழின் எழுத்தாளர் பால் லெவிட்ஸும் ரசிகர் இதழ் நடத்தியவரே. நிறுவனத்தின் முடிவுக்கும் வாசகரின் நினைவுக்கும் நடுவில் நின்ற அவர், 1987இல் பிர்னுடன் சேர்ந்து ஒரு சமரசம் கண்டார். லீஜன் அறிந்த சூப்பர்பாய் ஒரு பகைவன் உருவாக்கிய சிற்றுலகில் வாழ்ந்தவன் என்று கூறி, அவனை மாண்புடன் இறக்கச் செய்தார். ‘நீங்கள் படித்தது நடக்கவில்லை’ என்று சொல்லாமல், ‘நடந்தது, அவன் இறந்துவிட்டான்’ என்று சொன்ன வகையில், வாசகரின் நினைவை மதித்த தீர்வு அது. அவரையடுத்து 1989இல் லீஜன் இதழை எழுதவந்தோருள் டாம், மேரி பியர்பாம் தம்பதியினர் ‘இன்டர்லாக்’ வட்டத்தைச் சேர்ந்தவர் என்பதும் இங்குக் கருதத்தக்கது.

வாக்குரிமை என்னும் விளையாட்டு

வாசகரின் விருப்பத்தை எண்ணிக்கையாக்கும் முயற்சிகளும் இக்காலத்தில் நடந்தன. 1988 செப்டம்பரில் இரண்டாம் ராபினாகிய ஜேசன் டாட் வாழ்வதா சாவதா என்பதைத் தொலைபேசி வாக்குக்கு விட்டனர். ஓர் அழைப்புக்கு 50 சென்ட் கட்டணம். சாவுக்கு 5,343 வாக்குகளும் வாழ்வுக்கு 5,271 வாக்குகளும் கிடைத்தன. 72 வாக்கு வேறுபாட்டில் சிறுவன் இறந்தான். 1996இல் டிசியும் மார்வலும் சேர்ந்து வெளியிட்ட நான்கு இதழ்க் கிராஸ்ஓவரில் 11 மோதல்கள் இருந்தன. அவற்றுள் ஐந்தின் முடிவை வாசகர் வாக்களித்துத் தீர்மானித்தனர். மார்வலின் வுல்வரின், டிசியின் லோபோவை வென்றது வாக்கின் விளைவு. கதையில் லோபோவின் வலிமை மிகப் பெரிது. நம்பும்படி அத்தோல்வியை வரைவது எளிதன்று. அதனால் மோதல் ஒரு மதுக்கடை மேசையின் பின்னால், வாசகர் கண்ணுக்குப் படாமல் முடிக்கப்பட்டது. தாமே அளித்த தீர்ப்பின் நிறைவேற்றத்தைக் காண வாசகருக்கு வாய்க்கவில்லை. கேட்கப்பட்ட கேள்விகளைக் கவனித்தால், யார் சாவது, யார் வெல்வது என்பவை மட்டுமே வாக்குக்கு வந்தன. எது நினைவில் நிற்க வேண்டும் என்று எவரும் வாசகரைக் கேட்டதில்லை.

கதைக்குள் வாசகர்

கிரைசிஸின் 12ஆம் இதழ் ஒரு மனநோய் விடுதியில் முடிகிறது. சைக்கோ-பைரட் என்னும் சிறுதீயவன் கட்டுண்டு கிடக்கிறான். அழிந்த உலகங்கள் அனைத்தையும் நினைவில் வைத்திருப்பவன் அவன். பழைய நாட்களே தனக்கு உவப்பானவை என்று பிதற்றும் அவனை எவரும் நம்புவதில்லை. தொடரை முடித்துவைக்கும் இப்பக்கத்தைப் படித்த வாசகர், தம்மைத் தவிர வேறு யார் அவ்வுலகங்களை நினைவில் வைத்துள்ளனர் என்று எண்ணிப் பார்த்திருந்தால், தம் உருவத்தை அங்குக் கண்டிருப்பர். வுல்ஃப்மன் இதைக் கேலியாகச் செய்தாரா, பரிவோடு செய்தாரா என்பது பக்கத்தைப் பார்த்து முடிவுசெய்ய முடியாதது. ஆனால் பின்வந்தோர் இக்குறிப்பைப் பற்றிக்கொண்டனர்.

கிராண்ட் மாரிசன் 1990இல் ‘அனிமல் மேன்’ இதழில் அதே சைக்கோ-பைரட்டை மீண்டும் கொணர்ந்தார். அழிக்கப்பட்ட பாத்திரங்கள் அவன் நினைவிலிருந்து வெளிப்பட்டுத் தமக்கு நேர்ந்ததற்கு நீதி கேட்கின்றன. இங்கு நினைவு பித்தாக இருந்தாலும் அதற்கு ஒரு நியாயமும் உண்டு. மூன்றாண்டுகளில் தொனி மாறியது. 1993இல் மார்க் வெய்ட், இவரும் ரசிகர் இதழ்த் துறையில் இருந்து வந்தவர், ‘பேரி ஆலனின் மீள்வருகை’ என்னும் கதையை ‘தி ஃபிளாஷ்’ இதழில் எழுதினார். எட்டாண்டுகளாக வாசகர் கேட்டுவந்த மீள்வருகை நிறைவேறியது போலத் தோன்றும். பின்னர் வந்தவன் பேரி அல்லன். பேரியை வெறியோடு போற்றிய எதிர்காலத்து ரசிகனான இயோபார்ட் தான் எனத் தெரியவரும். வாலி வெஸ்ட் வளர வேண்டுமானால் பேரியை விட்டுவிட வேண்டும் என்பது கதையின் உட்பொருள். கதை சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வரைகதை வாசகனாகத் தொடங்கிய பேரி ஆலனின் பெயரைத் திருடும் பகைவன், ஒரு ரசிகனாகவே படைக்கப்பட்டிருப்பது தற்செயல் என்று தள்ளத்தக்கதன்று.

2005–06இல் ஜெஃப் ஜான்ஸ் எழுத, ஃபில் ஹிமினெஸ் முதன்மையாக வரைந்த ‘இன்ஃபினிட் கிரைசிஸ்’ ஏழு இதழ்களாக வந்தது. பழைய தொடரின் முடிவில் ஒரு புகலிடத்துக்குச் சென்ற எர்த்-டூ சூப்பர்மேன், அவன் மனைவி லோயிஸ், அலெக்ஸாண்டர் லூதர், சூப்பர்பாய்-பிரைம் ஆகிய நால்வரும் 20 ஆண்டுகளாக அங்கிருந்து புதிய உலகைப் பார்த்துக்கொண்டிருந்தனர். நாயகர் இருண்டவராகவும் கொடியவராகவும் ஆகிவிட்டனர் என்று மனம் வெதும்பினர். அவர்கள் பேசுவன, 1990களின் வன்முறைக் கதைகளைப் பற்றி மூத்த வாசகர் சொல்லிவந்த குறைகளே. அக்குறைகளைக் கதை முழுவதும் பொய்யென்று தள்ளவில்லை. எர்த்-டூ சூப்பர்மேன் இறுதியில் பெருமையுடன் இறக்கிறான், பவர் கேர்ளுக்கு அவளுடைய பழைய பிறப்பு மீட்டளிக்கப்படுகிறது. ஆனால் சூப்பர்பாய்-பிரைமின் கதி வேறு. அவன் எர்த்-பிரைமிலிருந்து வந்தவன், அதாவது வாசகரின் உலகத்தவன். பிற நாயகரை வரைகதைகளில் படித்தறிந்தவன். அவனே கொலைகாரனாகிறான். இவர்கள் தன் நாயகர் அல்லர் என்று கத்தியபடி அவர்களைக் கொல்கிறான். 2009இல் வெளிவந்த மற்றொரு தொடரின் முடிவில் அவன் பெற்றோர் வீட்டின் கீழ்த்தள அறையில் வரைகதை படித்துக்கொண்டு, உலகை வைதுகொண்டு அமர்ந்திருக்கிறான். குறிப்பு இன்னும் வெளிப்படையாக இருந்திருக்க முடியாது.

இதில் ஒரு முரண்நகை உண்டு. சூப்பர்பாய்-பிரைம் புகலிடத்தின் சுவரைக் குத்தியபோதெல்லாம் உலகின் வரலாறு சற்றே மாறியதாகச் சொல்லி, 20 ஆண்டுக் கால முரண்கள் பலவற்றுக்கு நிறுவனம் விளக்கம் தந்தது. 72 வாக்குகளில் இறந்த ஜேசன் டாட் உயிர்த்தெழுந்ததும் அக்குத்தின் விளைவே. வாசகர் இதைக் கேட்டு நகைத்தனர். ‘குத்து’ என்பது நம்பத்தகாத விளக்கத்துக்கெல்லாம் பெயராயிற்று. ஆனால் வெறிகொண்ட ரசிகனின் கைக்குத்து வரலாற்றை மாற்றும் என்ற கற்பனை, நிறுவனம் தான் எண்ணியதைவிட உண்மையான ஒன்றைச் சொல்லிவிட்டது. காரா 2004இல் மீண்டாள். 1994இல் தீயவனாக்கப்பட்டபோது ரசிகர் அமைப்பாகத் திரண்டு எதிர்த்த கிரீன் லேன்டர்ன் ஹால் ஜோர்டன், அதே 2004இல் தொடங்கிய கதையில் ஜான்ஸின் கையாலேயே மீட்கப்பட்டான். பேரி ஆலன் 2008இல் வந்தான். இணை உலகங்களும் திரும்பின. அவற்றைத் திரும்பக் கொணர்ந்தோர் பெரும்பாலும் 1985இல் சிறுவராயிருந்து அம்மரணங்களைப் படித்தவர். இதற்கிடையே 2002இல் டிசி தன் இதழ்களின் கடிதப் பகுதியை நிறுத்திவிட்டிருந்தது.

நினைவில் வைத்திருப்பவரைப் பித்தராகவும் பகைவராகவும் காட்டிய இவ்வரிசையில் ஒரு விலக்கு உண்டு. 1989இல் வெளிவந்த கிறிஸ்துமஸ் சிறப்பிதழ் ஒன்றில் ஆலன் பிரென்னர்ட் எழுதி, டிக் ஜோர்டானோ வரைந்த சிறுகதை அது. டெட்மேன் என்னும் ஆவிநாயகன் பண்டிகை இரவில் சோர்ந்திருக்கிறான். அவன் செய்யும் நன்மைகளை எவரும் காண்பதில்லை, நன்றி சொல்வாருமில்லை. அவனைக் காணக்கூடிய பொன்னிறக் கூந்தல் பெண்ணொருத்தி வந்து அவனோடு பேசுகிறாள். பாராட்டுக்காகவோ நினைவில் நிற்பதற்காகவோ இதைச் செய்வதில்லை என்று உணர்த்துகிறாள். விடைபெறும்போது அவன் அவள் பெயரைக் கேட்கிறான். காரா என்கிறாள், அப்பெயர் அவனுக்கு ஒன்றும் உணர்த்தாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறாள். சூப்பர்கேர்ள் என்ற சொல் அக்கதையில் எங்கும் வருவதில்லை. பிறக்கவே இல்லை என்று நிறுவனம் அறிவித்த ஒருத்தி, அந்நிறுவனத்தின் இதழிலேயே, வாசகர் மட்டும் அறிந்துகொள்ளும் வகையில் ஓரிரவு வந்து போனாள். அவள் அப்பெயரோடு டிசியின் கதை உலகில் நிலையாக மீள இன்னும் 15 ஆண்டுகள் இருந்தன.